பெயரில்லாத ஐஎஸ்ஏ கார்டு: மேனுவல் இல்லையென்றால் குப்பையா?

2024 ஜூன் 9 – கேள்வி

பாலிடெக்னிக் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இரும்புக் கம்பியை இழுத்து அறுத்துப் பார்த்து வலிமையை அளக்கும் 50 கிலோநியூட்டன் இயந்திரம் ஒன்று இங்கே உண்டு. அதோடு வந்த கணினி கருகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டதால் பழைய டாஸ் நிரல் கையில் இல்லை. உள்ளே இருந்த நீளமான ஐஎஸ்ஏ கார்டு (இயந்திரத்தின் அளவைக் கணினிக்குக் கொண்டுவர ஸ்லாட்டில் செருகும் பழைய வகை அட்டை) மட்டும் பிழைத்திருக்கிறது. அதில் நிறுவனப் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை. இயந்திரத்தை விற்றவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. பார்க்க வந்த பொறியாளர், "மேனுவல் இல்லாத கார்டு குப்பைதான், புது இயந்திரம் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதானா?

ஜூன் 9, இரவு

இல்லை. அவர் விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், கார்டைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவசரப்பட்டு அதை வேறு கணினியில் செருக வேண்டாம். இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு சிப்பின் முதுகில் இருக்கும் எழுத்தையும், அது இருக்கும் இடத்தோடு சேர்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மங்கிய எழுத்துக்கு டார்ச்சைச் சாய்த்து அடித்தால் போதும்.

இப்படிப்பட்ட கார்டு செய்தவர்கள் யாரும் சொந்தமாகச் சிப் தயாரித்தவர்கள் இல்லை. கடையில் கிடைத்ததை வாங்கிக் கோத்தார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் டேட்டாஷீட் (எந்தக் காலுக்கு என்ன வேலை என்று சொல்லும் தாள்) இன்றைக்கும் கிடைக்கும். எந்தக் காலை எந்தக் காலோடு இணைத்தார்கள் என்பது மட்டும்தான் தெரியாது. அதுவும் கார்டின் மேலேயே செம்பில் ஓடுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு: 16எல்8, 16வி8 என்று ஏதாவது சிப் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள். அவை வாங்கியவர் தன் தர்க்கத்தைத் தானே எழுதிக்கொள்ளும் சிப்கள். உள்ளே எழுதியதைத் திருப்பிப் படிக்கவிடாமல் பூட்டவும் முடியும். அவை இருந்தால் கதை வேறு.

ஜூன் 11

படங்கள் வந்தன. 16எல்8 வகை எதுவும் இல்லை. இனி இது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான்.

இருப்பவை: 74எல்எஸ்688, 74எல்எஸ்245, 74எல்எஸ்138, 74எல்எஸ்04, இன்னும் சில சில்லறை 74 வரிசைச் சிப்கள், 8253, 8255, சிடி4051. நடுவில் 28 கால்களோடு படுத்திருக்கும் பெரியது ஏடி574ஏ. கார்டின் உயிர் அதுதான். உள்ளே வரும் வோல்ட்டை 12 பிட் எண்ணாக மாற்றும். ஒரு மாற்றத்துக்குச் சுமார் 25 மைக்ரோ விநாடி எடுக்கும்.

8253 என்பது மூன்று எண்ணிகள் கொண்ட டைமர். 8255 என்பது எட்டுக் கம்பிகள் வீதம் மூன்று போர்ட். 4051 எட்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்து ஏடி574-க்குக் கொடுக்கிறது. 688-தான் கார்டின் வாயிற்காவலர்; அழைக்கப்படுவது தன் முகவரிதானா என்று பார்ப்பது அது. வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜூன் 12

முகவரி கண்டுபிடிக்கும் முறை. இதற்குக் கணினியே வேண்டாம். பீப் ஒலி எழுப்பும் மல்டிமீட்டர் போதும்.

உங்கள் கார்டு 8 பிட் ஐஎஸ்ஏ. செருகும் விளிம்பில் பக்கத்துக்கு 31, மொத்தம் 62 தொடுமுனைகள். சிப்கள் இருக்கும் பக்கம் ஏ, சால்டர் பக்கம் பி. ஏ பக்கத்தில் 2 முதல் 9 வரை தரவுக் கம்பிகள். 2ஆவது டி7, 9ஆவது டி0. முகவரிக் கம்பிகளும் இதே பக்கத்தில்தான், தலைகீழ் வரிசையில். 31ஆவது முனை ஏ0, 30ஆவது ஏ1, இப்படியே போய் 22ஆவது முனை ஏ9. பி பக்கத்தில் 13ஆவது ஐஓ எழுது, 14ஆவது ஐஓ படி; கணினி கார்டுக்கு எழுதுவதையும் அதிலிருந்து படிப்பதையும் அறிவிக்கும் கம்பிகள் இவை. இந்த வரிசை எல்லா ஐஎஸ்ஏ கார்டுக்கும் ஒன்றுதான். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோதே அதன் தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் படத்தோடு அச்சாகிவிட்டது.

688-க்கு இருபது கால். எட்டு ஜோடிகளை ஒப்பிட்டு, எல்லாம் ஒத்துப்போனால் 19ஆவது காலைக் கீழே இறக்கும். ஜோடிகள் 2-3, 4-5, 6-7, 8-9, பிறகு 11-12, 13-14, 15-16, 17-18. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கால் விளிம்பின் முகவரி முனைக்குப் போகும், மற்றது கார்டில் உள்ள சிறு சுவிட்ச் வரிசையான டிப் சுவிட்சுக்குப் போகும். ஒரு முனையை விளிம்பிலும் மறுமுனையை 688-இன் காலிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பீப் கேளுங்கள். பீப் வந்ததைத் தாளில் எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

சுவிட்ச் ஆன் என்றால் அந்தக் கால் தரையோடு சேரும், அதாவது 0. ஆஃப் என்றால் பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர் வரிசை அதை 5 வோல்ட்டுக்கு இழுக்கும், அதாவது 1. பலர் இதை நேர்மாறாக வைத்துக்கொண்டுதான் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

688-இன் 1ஆவது கால் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஏ பக்கம் 11ஆவது முனைக்குப் போக வேண்டும். அதன் பெயர் ஏஇஎன்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

ஏஇஎன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் சாதனமும் நினைவகமும் நேராகத் தரவு மாற்றிக்கொள்வது) நடக்கும்போது முகவரிக் கம்பிகளில் ஓடுவது நினைவக முகவரி, கார்டை அழைக்கும் போர்ட் முகவரி அல்ல. ஆனால் ஐஓ படி, ஐஓ எழுது கம்பிகள் அப்போதும் துடிக்கும். அந்த நேரத்தில் ஏஇஎன் மேலே ஏறி மற்ற கார்டுகளைச் சும்மா இருக்கச் சொல்லும். அதைக் கவனிக்காத கார்டு தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்லக் கிளம்பிவிடும்.

ஜூன் 15

ஏ4 முதல் ஏ9 வரை ஆறு கம்பிகள் 688-க்குப் போகின்றன, சுவிட்சும் ஆறு. ஆகவே கார்டு பதினாறு முகவரிகளைப் பிடித்துக்கொள்கிறது. ஏ9, ஏ8 ஆஃப், மற்ற நான்கும் ஆன். அதாவது தொடக்கம் பதினாறின் அடிமானத்தில் 300. இனி போர்ட் எண்ணும் அதற்கு எழுதும் எண்ணும் எல்லாம் அந்த அடிமானத்தில்தான். ஐபிஎம் 300 முதல் 31எஃப் வரை 'மாதிரிக் கார்டு' என்று ஒதுக்கி வைத்திருந்த இடம். ஆய்வகக் கார்டு செய்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருந்தார்கள்.

இப்போது சுவையான பகுதி. 688-இன் 1ஆவது கால் நேராகத் தரையில் இருக்கிறது. ஏ பக்கம் 11ஆவது இடத்தில் தங்கத் தொடுமுனையே இல்லை. செய்தவர் ஏஇஎன் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார், அல்லது காசு மிச்சம் பிடித்தார்.

உங்களிடம் ஒரு கேள்வி. சோதனை ஓடும்போது ஃபிளாப்பியைத் தொட்டால் ஏதாவது கோளாறு வந்ததா?

ஜூன் 16

"எனக்கு முன்பு இருந்தவர் கேபினெட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: சோதனையின்போது ஃபிளாப்பி போடக் கூடாது. காரணம் யாருக்கும் தெரியாது. வைரஸ் வரும் என்பதால் என்று நினைத்திருந்தோம்."

இந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். ஃபிளாப்பி டிஎம்ஏ வழியாக ஓடுவது. நினைவக முகவரியின் கீழ்ப் பத்து பிட்கள் 300 முதல் 30எஃப் வரை வந்து விழும் ஒவ்வொரு முறையும் உங்கள் கார்டு வாய் திறந்திருக்கிறது. ஃபிளாப்பியைப் படித்தால் தரவு கெடும். எழுதினால் கார்டுக்கு யாரும் இடாத கட்டளை போகும். ஒட்டியவர் காரணம் தெரியாமலேயே சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்.

தீர்வு: 1ஆவது காலுக்கும் தரைக்கும் நடுவே உள்ள செம்புக் கோட்டைக் கத்தியால் வெட்டி, அந்தக் காலை ஏஇஎன்னோடு மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும். தொடுமுனையே இல்லாததால் மதர்போர்டின் ஸ்லாட்டுக்கு அடியிலிருந்து கம்பி இழுக்க வேண்டியிருக்கும். அழகாக இருக்காது. அவசரமும் இல்லை. புதுக் கணினியில் ஃபிளாப்பி இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் சவுண்ட் கார்டு போடாதீர்கள், அதுவும் டிஎம்ஏ பேர்வழிதான்.

ஜூன் 17

ஐபிஎம்மின் பழைய பிசி-எக்ஸ்டியில் நினைவகப் புதுப்பிப்பே (நினைவகச் சிப்கள் மறந்துவிடாமல் அடிக்கடி தொட்டு வைப்பது) டிஎம்ஏ வழியாகத்தான் நடந்தது, அங்கே இந்தக் கார்டு ஓயாமல் பைத்தியம் பிடித்து ஆடியிருக்குமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஆடியிருக்கும். 1984இல் வந்த ஐபிஎம்மின் அடுத்த மாடலான ஏடியில் புதுப்பிப்புக்குத் தனிச் சர்க்யூட் வந்துவிட்டது. செய்தவர் ஏடி வகைக் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று விற்றிருக்க வேண்டும்.

ஜூன் 18

இவ்வளவு பீப் கேட்பானேன், 100 முதல் 3எஃப்எஃப் வரை எல்லாப் போர்ட்டையும் படிக்கும் சிறு நிரல் ஒன்று எழுதி, எஃப்எஃப் (யாரும் இல்லாத போர்ட் தரும் எண்) அல்லாத பதில் எங்கே வருகிறது என்று பார்த்தால் முடிந்தது என்கிறார் வேறொரு நண்பர். இந்த யோசனை எல்லா இடத்திலும் சுற்றி வருகிறது. எனக்குக் கட்டோடு பிடிக்காது.

போர்ட்டைப் படிப்பது நினைவகத்தைப் படிப்பது போன்றதல்ல. படித்தாலே வேலை நடந்துவிடும் போர்ட்கள் உண்டு. என்இ2000 நெட்வொர்க் கார்டில் தொடக்க முகவரியிலிருந்து 1எஃப் தள்ளியிருக்கும் போர்ட்டைப் படித்தால் கார்டு ரீசெட் ஆகும். லினக்ஸ் இப்படித் தேடப்போய்க் கணினிகள் உறைந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் குறிப்பிட்ட முகவரிகளைத் தொடாதே என்று சொல்ல 'ரிசர்வ்' என்ற தொடக்கக் கட்டளையை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் வைத்தார்கள்.

அப்படியே தேடினாலும் என்ன கிடைக்கும்? 8255 ரீசெட் ஆனதும் தன் எல்லாப் போர்ட்டையும் உள்ளீடாக்கிக்கொள்ளும். வெளியே எதுவும் இணைக்காத கம்பியிலிருந்து எஃப்எஃப் வந்தாலும் வரும். அதன் கட்டுப்பாட்டுப் பதிவகத்தையோ பழைய 8255ஏ-யில் படிக்கவே வழியில்லை. உயிரோடு இருக்கும் கார்டை இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

அதோடு பழைய கார்டுகள் பத்து முகவரிக் கம்பிகளைத்தான் பார்க்கும். 300இல் இருப்பது 700இலும் பி00இலும் கூடத் தலை காட்டும். எஸ்3 கிராபிக்ஸ் கார்டுகள் 42இ8, 82இ8 என்று உயரத்தில் குடியிருந்தும், நான்காவது சீரியல் போர்ட்டின் 2இ8-ஓடு மோதிக்கொண்டது இதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு தேடுபவருக்கு ஒரே கார்டு பல இடத்தில் தெரியும், அல்லது எங்கேயும் தெரியாது.

ஜூன் 20

எந்தக் கணினியில் போடுவது? இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட் (1998) போட்ட போர்டுகளில் பெரும்பாலும் ஐஎஸ்ஏ ஸ்லாட் உண்டு. அடுத்த ஆண்டு வந்த 810இல் ஐஎஸ்ஏவைக் கழற்றிவிட்டார்கள். புதுக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் வகுத்த பிசி 99 வரையறையும் அதற்குக் கதவைச் சாத்தியது. ஆகவே பென்டியம் 2, பென்டியம் 3 காலத்துப் போர்டைத் தேடுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தொழிற்சாலைக் கணினிகளில் இன்னமும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டோடு புதுப் போர்டு வருகிறது. விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

யூஎஸ்பியிலிருந்து ஐஎஸ்ஏ தரும் பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு படி, எழுதுக்கும் யூஎஸ்பியின் தாமதம் சேரும். உங்கள் இயந்திரம் மெதுவாக இழுப்பது, சமாளிக்கும். ஆனால் பழைய டாஸ் நிரல் எதுவும் அதில் ஓடாது. புது மதர்போர்டின் எல்பிசி பாதையிலிருந்து (மெதுவான சாதனங்களுக்கான உள்பாதை) ஐஎஸ்ஏ ஸ்லாட் கறப்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு அந்த வித்தை வேண்டாம்.

பவர் சப்ளையையும் பாருங்கள். ஏடி574-க்கு பிளஸ் 12, மைனஸ் 12 இரண்டும் வேண்டும். மைனஸ் 12 வோல்ட் பி பக்கம் 7ஆவது முனை. பிந்தைய ஏடிஎக்ஸ் சப்ளைகளில் மைனஸ் 5 வோல்ட் கிடையாது. பி பக்கம் 5ஆவது முனையிலிருந்து உங்கள் கார்டில் எந்தக் கோடும் புறப்படவில்லை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

ஜூன் 21

தொடுமுனைகளை பென்சில் ரப்பரால் தேய்க்கலாமா என்பது பற்றி இங்கே ஒரு சண்டை நடக்கிறது. தங்கப் பூச்சு மெல்லியது. ரப்பரில் மணல் போன்ற துகள் இருக்கும். தேய்த்தால் பூச்சும் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வெள்ளைத் துணியும் போதும். ரப்பர் கட்சியார் மன்னிக்க வேண்டாம், வாதத்தைத் தொடரலாம்.

ஜூன் 30

440பிஎக்ஸ் போர்டு கிடைத்துவிட்டதாம். செருகும் முன்பு:

தரைக்கும் 5 வோல்ட்டுக்கும், தரைக்கும் இரண்டு 12 வோல்ட்டுகளுக்கும் ரெசிஸ்டன்ஸ் அளங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நிறுத்துங்கள். சொட்டு வடிவில் மஞ்சளும் நீலமுமாக நிற்பவை டான்டலம் கெபாசிட்டர்கள். வயதானால் ஷார்ட் ஆகும், மின்சாரம் பாய்ந்தால் தீப்பொறியோடு வெடிக்கும். 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் டான்டலம் போட்ட கார்டு என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தொடுவேன். நான் அவற்றைக் கேட்காமலே மாற்றிவிடுவேன்.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இரண்டு விஷயம். 8 பிட் ஐஓ மீட்பு நேரம் என்று இருக்கும், அதை அதிகபட்சம் வையுங்கள்; பழைய 8253, 8255 இரண்டும் அடுத்தடுத்த கட்டளைக்கு நடுவே மூச்சு விடும் சிப்கள். இன்டரப்ட் (கார்டு செயலியைக் கூப்பிடும் கம்பி) பயன்படுத்தும் ஜம்பர் இருந்தால் அந்த எண்ணை 'லெகசி ஐஎஸ்ஏ' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பயாஸ் அதை ஏதாவது பிசிஐ கார்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பியின் கறுப்பு ஜன்னலில் சோதிக்காதீர்கள். அங்கே போர்ட் கட்டளை வன்பொருளுக்கு நேராகப் போவதில்லை. ஃப்ரீடாஸ் போடுங்கள், இலவசம், போர்ட்டை நேராகப் படிக்கவும் எழுதவும் உதவும் டீபக் நிரலும் அதோடு வரும்.

ஜூலை 3

முகவரியைப் பிரித்து உரிய சிப்பை எழுப்பும் 138-இன் கம்பிகளைத் தொடர்ந்து போனதில் கேள்வி கேட்டவர் கண்டுபிடித்த வரைபடம்: 300 முதல் 303 வரை ஏடி574-உம் சில்லறைப் பதிவகங்களும்; 304 முதல் 307 வரை 8253; 308 முதல் 30பி வரை 8255. 30சி முதல் காலி. கையால் வரைந்து அனுப்பிய தாள் அத்தனை சுத்தம்.

முதலில் 8255. டீபக்கில் 'ஓ' என்ற எழுத்து போர்ட்டுக்கு எழுதும், 'ஐ' படிக்கும். 30பி-க்கு 80 எழுதினால் மூன்று போர்ட்டும் வெளியீடாகும். பிறகு 308-க்கு 55 எழுதி, 308-ஐப் படியுங்கள். 55 திரும்பி வந்தால் முகவரியும் சரி, தரவைக் கடத்தும் 245-உம் சரி, தரவுக் கம்பிகளும் சரி. பிறகு ஏஏ எழுதிப் பாருங்கள். 55-இல் ஒன்றாக இருந்த பிட்கள் இதில் பூஜ்யம், ஒட்டிக்கொண்ட கம்பி இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

இயந்திரத்தின் மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்தப் போர்ட்டில் எந்தக் கம்பி மோட்டாரை ஓட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஜூலை 3, இரவு

55 வந்தது. ஏஏவும் வந்தது.

ஜூலை 5

8253: 307-க்கு 36 எழுதி, 304-க்கு இரண்டு முறை 00 எழுதினால் முதல் எண்ணி மூன்றாவது முறையில் 65,536இலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கும். 307-க்கு 00 எழுதி எண்ணைப் பிடித்து வைத்து, 304-ஐ இரண்டு முறை படியுங்கள்; கீழ் பைட் முதலில், மேல் பைட் பிறகு. ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் கடிகாரம் வருகிறது. மாறவே இல்லையென்றால் கடிகாரக் காலுக்கு எதுவும் வரவில்லை, அல்லது கேட் கால் தாழ்ந்திருக்கிறது. பல கார்டுகளில் அந்த இரண்டும் வெளிச் செருகிக்கு விடப்பட்டிருக்கும். உங்களுடையதில் அப்படித்தான். இப்போதைக்கு இதை விட்டுவிடுவோம், இழுவைச் சோதனைக்கு டைமர் அவசியமில்லை.

ஜூலை 8

ஏடி574-இல் சிக்கல். ஒன்றரை வோல்ட் பேட்டரியையும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரையும் வைத்து மெதுவாகத் திருப்பினால், 301இல் வரும் பைட் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. 300இல் வரவேண்டிய கீழ் நான்கு பிட்கள் உள்ளீட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. சிப் அரைகுறையாகச் செத்துவிட்டதோ, புதிது வாங்கட்டுமா என்று கேட்கிறார்.

பொறுங்கள், விலை அதிகம். மாற்றத்தைத் தொடங்க எந்தப் போர்ட்டுக்கு எழுதுகிறீர்கள்?

ஜூலை 8, பதினைந்து நிமிடம் கழித்து

"300."

இதை எதிர்பார்த்தேன். ஏடி574-இன் 4ஆவது காலின் பெயரும் ஏ0. அதற்கு இரண்டு வேலை. படிக்கும்போது தாழ்ந்திருந்தால் மேல் எட்டு பிட், உயர்ந்திருந்தால் கீழ் நான்கு பிட். மாற்றத்தைத் தொடங்கும்போது தாழ்ந்திருந்தால் முழு 12 பிட் மாற்றம், உயர்ந்திருந்தால் 8 பிட்டோடு நிறுத்திக்கொள்ளும் குறுக்குவழி.

உங்கள் கார்டில் கணினியின் ஏ0 கம்பி அந்தக் காலுக்கு நேராகப் போகிறதா, 74எல்எஸ்04 (0-ஐ 1-ஆகவும் 1-ஐ 0-ஆகவும் திருப்பும் இன்வெர்ட்டர்) வழியாகத் தலைகீழாகிப் போகிறதா? 300இல் கீழ் பிட், 301இல் மேல் பிட் வருகிறது என்றால் தலைகீழாகித்தான் போகிறது. அப்படியானால் 300-க்கு எழுதும்போது சிப்புக்குத் தெரியும் ஏ0 உயர்ந்திருக்கிறது. நீங்களே 8 பிட் கேட்டிருக்கிறீர்கள், அது கொடுத்திருக்கிறது. 301-க்கு எழுதுங்கள்.

ஜூலை 9

ஓடிவிட்டது. கணக்கு: 301இல் வரும் எண்ணைப் பதினாறால் பெருக்கி, 300இல் வரும் எண்ணைப் பதினாறால் வகுத்துக் கூட்ட வேண்டும். கீழ் நான்கு பிட்கள் பைட்டின் மேல் பாதியில் உட்கார்ந்திருப்பதால் வகுக்கிறோம். 302-க்கு எழுதினால் கீழ் மூன்று பிட்கள் 4051-இன் உள்ளீட்டைத் தேர்வு செய்கின்றன. 302-ஐப் படித்தால் 7ஆவது பிட் ஏடி574-இன் 28ஆவது காலிலிருந்து வருகிறது. மாற்றம் நடக்கும்வரை 1, முடிந்ததும் 0.

இந்த வரிசையை எங்கோ பார்த்த நினைவு.

ஜூலை 9, இரவு

பிடித்துவிட்டேன். மெட்ராபைட் என்ற அளவீட்டுக் கார்டு நிறுவனத்தின் டாஸ்-8 கார்டு. அந்தப் பெயருக்கும் இயங்குதளத்துக்கும் சம்பந்தமில்லை. லினக்ஸ் கர்னலில் அளவீட்டுக் கார்டுகளுக்கென்று காமெடி என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. (ஆம், பெயர் அதுதான். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.) அதில் டாஸ்08 டிரைவரை (அந்தக் கார்டை இயக்கும் நிரல்) திறந்தால்: 0 கீழ் பைட், 1 மேல் பைட், 1-க்கு எழுதினால் மாற்றம் தொடக்கம், 2 நிலையும் கட்டுப்பாடும், 7ஆவது பிட் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லும், 4 முதல் 8253 வகை டைமர். நம் தாளில் இருப்பது அப்படியே.

பெயரில்லாத அளவீட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை மேய்ந்துவிட வேண்டும். பிசிஎல்-711, 812, 818, டாஸ்-16 என்று அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றின் பதிவக வரிசை அங்கே எழுத்தில் இருக்கிறது. மேனுவல் தொலைந்தாலும் டிரைவர் தொலையவில்லை.

ஜூலை 10

"அப்படியென்றால் இது திருட்டு நகல்" என்று ஒருவர் தீர்ப்பு வழங்கிவிட்டார். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. கீழ் பைட் முதலில், மேல் பைட் பிறகு என்று வைப்பது இன்டெல் காரர்களின் வழக்கம். அந்த வழக்கத்துக்காக ஏ0-இல் ஒரு இன்வெர்ட்டர் போட்டால், 0-க்கு எழுதினால் 8 பிட், 1-க்கு எழுதினால் 12 பிட் என்ற விசித்திரம் தானாக வந்து சேரும். யாரும் உட்கார்ந்து வடிவமைக்க வேண்டியதில்லை, சிப்பே அப்படித்தான். இரண்டு பேர் ஒரே சிப்பை வாங்கி ஒரே சோம்பலோடு இணைத்தால் ஒரே கார்டு பிறக்கும்.

நிலைப் பதிவகம் 2இல் இருப்பதும், டைமர் 4இல் தொடங்குவதும் தற்செயல் என்று வாதாட நான் வரவில்லை. பார்த்துச் செய்திருக்கலாம். அசலைப் பார்த்துச் செய்தவர் ஏஇஎன்னை மட்டும் எப்படி விட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஜூலை 12

லினக்ஸில் சொந்தமாக எழுதுபவர்களுக்கு: டாஸ் காலத்து டர்போ சியில் போர்ட்டுக்கு எழுதும் கட்டளையான அவுட்போர்ட்பி முதலில் போர்ட், பிறகு மதிப்பு கேட்கும். லினக்ஸின் அவுட்பி முதலில் மதிப்பு, பிறகு போர்ட். பழைய நிரலை அப்படியே நகர்த்தினால் 1 என்ற போர்ட்டுக்கு ஏதோ எழுதிவிடும். அங்கே டிஎம்ஏ கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. ஐஓபெர்ம் கொண்டு 300 முதல் பதினாறு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள், ஒட்டுமொத்த அனுமதி வாங்காதீர்கள். அப்போது இடம் மாறி எழுதினால் நிரல் அங்கேயே விழும், கணினி விழாது.

ஜூலை 14

எண் வருகிறது, விசை எவ்வளவு என்று எப்படித் தெரியும்? உள்ளீடு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வோல்ட் வரை. 10 வோல்ட்டை 4096-ஆகப் பிரித்தால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட். பூஜ்யம் 2048இல் விழும். லோட் செல்லின் (விசையை வோல்ட்டாக மாற்றும் உணரி) பெருக்கி 50 கிலோநியூட்டனுக்கு 5 வோல்ட் கொடுத்தால் ஒரு படிக்குச் சுமார் 24.4 நியூட்டன். மெல்லிய செம்புக் கம்பியை இழுப்பதற்கு இது முரடு, முறுக்குக் கம்பிக்குத் தாராளம்.

பெருக்கி உண்மையில் என்ன கொடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். சான்றிதழ் உள்ள புரூவிங் ரிங் (விசையைச் சரிபார்க்கும் எஃகு வளையம்) உங்கள் ஆய்வகத்தில் இருக்கும். அதை வைத்து ஏற்றத்திலும் இறக்கத்திலும் சில புள்ளிகள் எடுத்துக் கோடு போடுங்கள். பழைய நிரலில் என்ன கெழு இருந்தது என்ற கவலையே வேண்டாம்.

எண் நடுங்கினால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. 20 மில்லிவிநாடிக்குள் சம இடைவெளியில் பல முறை படித்துச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும். 4051-இல் உள்ளீட்டை மாற்றியதும் உடனே படிக்காதீர்கள், சிறிது பொறுத்துத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முந்தைய உள்ளீட்டின் சாயல் கலந்து வரும்.

ஜூலை 22

மென்னிரும்புத் துண்டை இழுத்த வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். நேராக ஏறி, விளைவுப் புள்ளியில் ஒரு சறுக்கு சறுக்கி, மறுபடி ஏறி, கழுத்து மெலிந்து அறுகிறது. பாடநூல் படம். பொறியாளரிடம் காட்டினாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஜூலை 24

இதே போன்ற கார்டு தன்னிடமும் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் 16வி8 ஒன்று உண்டாம், பூட்டு போட்டதாம். அது கைவிடப்பட வேண்டிய கார்டு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிப்பின் உள்ளீடுகள் முகவரிக் கம்பிகளாக மட்டும் இருந்து, உள்ளே எதையும் நினைவில் வைக்காத வகையாக இருந்தால், கழற்றி ஒரு சாக்கெட்டில் வைத்து எல்லா உள்ளீட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வெளியீட்டை எழுதிக்கொள்ளலாம். பத்து உள்ளீடு என்றால் 1024 வரிகள். நினைவில் வைக்கும் வகை என்றால் தலைவலி பெரியது. தனியாகக் கேளுங்கள், படத்தோடு.

ஜூலை 25

இன்னொருவர்: தன் சப்ளையில் மைனஸ் 12 என்பது மைனஸ் 11.2 காட்டுகிறது, அளவு கொஞ்சம் தள்ளாடுகிறது, பரவாயில்லையா? பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஏடி574ஏ கேட்பது 11.4 முதல் 16.5 வோல்ட் வரை, இரண்டு பக்கமும். சப்ளையை மாற்றுங்கள். கார்டைத் தொடாதீர்கள்.